பரோக் செல்லோ கன்செர்ட்டோவைக் கேட்பது எப்படி

வயலின் குடும்பத்தின் தாழ்குரல் வாத்தியமான செல்லோ, இசைக்குழுவோடு சேர்ந்து தனித்து ஒலிக்கும் படைப்பே செல்லோ கன்செர்ட்டோ. அந்தப் பெயரைக் கேட்டதும் நம் காது முழுவதும் தனி வாத்தியத்தின் மீதே நிலைத்துவிடுகிறது. பரோக் காலப் (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை) படைப்புகளைப் பொறுத்தவரை முதலில் இசைக்குழுவைப் பழகிக்கொண்டு, அதன் பிறகே செல்லோவிடம் வருவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சிக்கு இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் பி மைனர் கன்செர்ட்டோவை, அதாவது அவரது படைப்புப் பட்டியலில் ஆர்வி 424 என்ற எண்ணுடையதை, எடுத்துக்கொள்ளுங்கள். விலங்குக் குடலால் ஆன தந்திகள் பூட்டிய வாத்தியங்களில், 415 ஹெர்ட்ஸ் சுருதியில் வாசித்த ஒலிப்பதிவு கிடைத்தால் அதுவே சிறந்தது. இன்றைய வழக்கமான சுருதியான 440-ஐ விட அது ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்ந்திருக்கும்.

முதல் தடவை, தொடக்கத்தில் இசைக்குழு வாசிக்கும் பகுதியை மட்டும் முணுமுணுக்கும் அளவுக்கு மனத்தில் பதியுங்கள். இதற்கு ரிட்டர்னெல்லோ என்று பெயர். இது பல்லவியைப் போலத் திரும்பி வரும். ஆனால் பெரும்பாலும் சுருங்கியும், வேறு சுருதி நிலைக்கு நகர்ந்தும் வருவதால், கவனிக்காதவருக்குப் புதிய பகுதியாகவே தோன்றும். அடுத்த தடவை, அது தலைகாட்டும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு இடுங்கள். கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளே செல்லோவின் களம்.

மூன்றாம் தடவைதான் செல்லோவுக்கு உரியது. தனி வாசிப்பு தொடங்கும் கணத்தில் வயலின்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ள, பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டும் அடிக்குரல் வாத்தியமும் மட்டும் துணை நிற்பதைக் கேட்பீர்கள். அந்த வெளியில் வில் தந்தியைக் கவ்வும் சிறு சொரசொரப்பும், பரோக் வில்லின் நுனியை நோக்கிச் செல்லச் செல்ல ஒலி மெலிந்து அடங்குவதும்கூடத் துல்லியமாகக் காதில் விழும். நடுவிலுள்ள லார்கோ எனும் மெதுவான பகுதியை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அங்கே அவசரம் கூடாது.

அதுவரை அடிக்குரலைத் தாங்கிவந்த செல்லோவுக்கு இந்தச் சுதந்திரம் கிடைத்ததற்குத் தந்தியும் ஒரு காரணம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உலோகக் கம்பி சுற்றிய குடல் தந்திகள் புழக்கத்துக்கு வந்தன. தாழ்ந்த சுரங்களுக்கும் மெல்லிய தந்தி போதும் என்றானதும், விரைவான வாசிப்பு எளிதாயிற்று. இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் செல்லோ கலைஞர் யாக்கினி 1701-இல் வெளியிட்ட கன்செர்ட்டோக்களில் செல்லோ தனித்துத் தலையெடுப்பதைக் காணலாம். 1703-இல் வெனிஸின் பியெத்தா எனும் ஆதரவற்ற பெண்கள் இல்லத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்த விவால்டியோ, அந்த வாத்தியத்துக்கென்றே இருபதுக்கும் மேற்பட்ட கன்செர்ட்டோக்களை எழுதினார்.

காது பழகிய பின், இரண்டு செல்லோக்களுக்காக அவர் எழுதிய ஜி மைனர் கன்செர்ட்டோவுக்கு, ஆர்வி 531-க்கு, செல்லுங்கள். அங்கே ரிட்டர்னெல்லோவுக்குக் காத்திருக்க வேண்டாம்: இசைக்குழு வாய் திறப்பதற்கு முன்பே இரு செல்லோக்களும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கிவிடும்.