ஆற்றில் மீன் மிதந்தால்: காரணம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழுக்கையாறு நம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இருக்கும் ஒரே ஆறு. அதுவும் மாரியில் மட்டுமே ஓடும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைச் சேர்த்துக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக வந்து அராலியில் கடனீரேரியோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்திலோ, உப்பாறு, தொண்டைமானாறு நீரேரிகளிலோ மீன் செத்து மிதந்தால், அன்று காலையே காரணமும் ஊருக்குள் முடிவாகிவிடுகிறது. கல்லுண்டாய்க் குப்பை மேடு என்பார் ஒருவர். தோட்டத்து மருந்து என்பார் இன்னொருவர். யாரோ இரவில் பவுசரில் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்பார் மூன்றாமவர். இவற்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் குற்றவாளியை முதலில் தீர்மானித்துவிட்டு ஆதாரம் தேடப் போகிறவரின் கண்ணில் அந்தத் தீர்மானத்துக்குப் பொருந்துவது மட்டுமே படும். மற்றத் தடயங்கள் அரை நாளுக்குள் அழிந்துவிடும். தொழில் இழந்த குடும்பங்களின் முறைப்பாடு பிறகு நிற்காமல் போவதற்கு இதுவே முதற் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மீன் கிடக்கும் இடத்தையே மீன் செத்த இடமாகக் கொள்வது அடுத்த தவறு. செத்த மீன்களில் பெரும்பாலானவை உடனே மிதப்பதில்லை. முதலில் அடியில் தாழ்ந்து, உடல் அழுகி வயிற்றில் வாயு சேர்ந்த பிறகே மேலே வரும். நம் வெப்பத்தில் அதற்கு ஒரு நாள் அளவு போதும். ஆகவே இன்று மிதக்கும் மீனைக் கொன்றது நேற்றைய நீராக இருக்கலாம். மிதந்த பிறகு காற்று அதை ஆளத் தொடங்கும். சோளகம் வீசும் மாதங்களில் வடகிழக்குக் கரையில் ஒதுங்கும்; வாடையில் தென்மேற்குக் கரைக்குப் போகும். கரையில் குவிந்து கிடக்கும் மீனுக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வந்து விழுவதைப் படம் எடுத்துவிட்டு விசாரணை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. முந்தைய இரண்டு நாட்களும் காற்று எந்தப் பக்கம் இருந்தது என்பதைத் தொழிலுக்குப் போனவர்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

நேரம் இதைவிடவும் முக்கியம். அதிகாரிகளுக்கு அறிவித்து, வாகனம் பிடித்து, கருவியோடு ஆட்கள் வந்து சேரும்போது பெரும்பாலும் பத்து, பதினொரு மணியாகிவிடும். அந்த வேளையில் நீரில் கரைந்த ஒட்சிசனை அளந்து, ‘அளவு நன்றாக இருக்கிறது, மூச்சடைத்துச் சாகவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். கழிவுநீரும் உரமும் சேர்ந்த நீரில் பாசி பெருகும். அந்தப் பாசி பகலில் ஒட்சிசனை வெளியிடுகிறது. இரவு முழுவதும் அதைத் தானே உறிஞ்சுகிறது. ஒட்சிசன் மிகக் கீழே போவது விடியலுக்குச் சற்று முன்னர்தான். லீற்றருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் போதும். 2 க்குக் கீழே போனால் பல இனங்கள் சாகும். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் காற்றிலிருந்து ஏறக்குறைய 7.5 மில்லிகிராமைத்தான் ஏந்தும், உப்பு ஏற ஏற அதுவும் குறையும். அப்படியிருக்க, நண்பகலில் 11 அல்லது 12 என்று கருவி காட்டினால் அதை நற்செய்தியாக எடுக்க முடியாது. அங்கே பாசி அளவுக்கு மீறி இருக்கிறது, இரவில் நிலைமை தலைகீழாகும் என்பதற்கு அதுவே சாட்சி. மறுநாள் விடிய ஐந்து மணிக்குத் திரும்பப் போய் அதே இடத்தில் அளக்க வேண்டும்.

எவை செத்தன என்று எண்ணுகிறோம். எவை சாகவில்லை என்று பார்ப்பதில்லை. என் பார்வையில் மிகப் பெரிய இழப்பு இதுதான், ஏனென்றால் இதற்குக் கருவியும் வேண்டாம், பணமும் வேண்டாம். விராலும் பனையேறியும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. மற்ற மீன்கள் செத்து இவை உயிரோடு இருந்தால் ஒட்சிசன் குறைவைச் சந்தேகிக்கலாம். விராலும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். ஒட்சிசன் குறையும்போது பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் போகும், சிறியவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திணறிக்கொண்டிருக்கும், நண்டுகள் கரையேறும். பூச்சிமருந்து கலந்திருந்தால் கதை வேறு. இறாலும் நண்டும் பூச்சிகளைப் போலவே கணுக்காலிகள். பூச்சியைக் கொல்லும் மருந்து மீனைத் தொடுவதற்கு முன்னரே அவற்றைக் கொல்லும். மீன் செத்துக் கிடக்க இறால் துள்ளிக்கொண்டிருந்தால், ‘மருந்துதான்’ என்று சொல்வதற்கு முன் ஒருமுறை நிதானிக்க வேண்டும். செவுளையும் விரித்துப் பாருங்கள். இரத்தம் கபில நிறமாக இருந்தால் நைத்திரைற்று நஞ்சு பற்றி யோசிக்க இடமுண்டு. ஆனால் செத்துச் சில மணி நேரத்தில் செவுளின் நிறம் மாறிவிடும் என்பதால், துடித்துக்கொண்டிருக்கும் மீனிலோ அப்போதுதான் செத்த மீனிலோ மட்டுமே இதைப் பார்க்கலாம்.

மாதிரி எடுப்பதில் நடக்கும் பிழைகள் ஆய்வுகூடத்துக்குப் போன பிறகே தெரியவரும், அப்போது திருத்தவும் முடியாது. கையில் கிடைத்த சோடாப் போத்தலைக் கழுவி நீர் நிரப்பிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பூச்சிமருந்தும் எண்ணெயும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்குக் கபில நிறக் கண்ணாடிப் போத்தல் வேண்டும். உலோகங்களுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் போத்தல் பொருந்தும். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். சில பரிசோதனைகளுக்கு மாதிரி கொழும்புவரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணம் செய்ய நேரலாம். ஆகவே முதலில் ஆய்வுகூடத்தோடு பேசி, என்ன போத்தல், எவ்வளவு நீர் என்று கேட்டுவிட்டே எடுங்கள். மீனையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மருந்து எச்சம் பார்க்க வேண்டியதை அலுமினியத் தாளில் சுற்றி உறைய வைக்கலாம். திசுவைப் பார்க்க வேண்டியதை உறைய வைக்கவே கூடாது, ஐஸில் மட்டும் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

மீன் செத்த இடத்தில் மட்டும் நீர் எடுத்தால் அந்த முடிவை எதனோடு ஒப்பிடுவது? சந்தேகிக்கும் வாய்க்காலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மீன் நலமாக நீந்தும் இன்னோரிடத்தில் ஒன்று என்று எடுக்காவிட்டால், எதிர்த்தரப்பின் முதற் கேள்வியிலேயே அறிக்கை விழுந்துவிடும்.

அறிக்கையை வாசிப்பதிலும் கவனம் தேவை. ‘கண்டறியப்படவில்லை’ என்பதற்கு ‘இல்லை’ என்று பொருள் கொள்ளக் கூடாது. நாம் கேட்ட பொருளை மட்டுமே ஆய்வுகூடம் தேடும். மொத்த அமோனியா அளவை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் ஆறுதலடைவதும் பிழை. மீனைக் கொல்வது அயனாகாத அமோனியா, அதாவது அதன் மின்னேற்றமில்லாத வடிவம். 30 பாகையில் நீரின் அமில-கார அளவான பி.எச் 7 ஆக இருந்தால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே அந்த வடிவில் இருக்கும். பி.எச் 9 ஆனால் அது 40 சதவீதத்தையும் தாண்டிவிடும். ஆகவே பி.எச், வெப்பநிலை இரண்டும் அதே நேரத்தில் அளக்கப்படாத அமோனியா அறிக்கையால் பயனில்லை.

நமது நிலம் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் நீர் நிலத்தடியே ஓடுகிறது. குழாயும் வாய்க்காலும் தெரியவில்லை என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை என்று முடிவு கட்ட முடியாது. சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாதையில்தான். அந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மலக்குழிகளும் உரமிட்ட தோட்டங்களும் கூட இதே நிலத்தடி நீரில்தான் கசிகின்றன.

எல்லாச் சாவுக்கும் கழிவுதான் காரணம் என்பதும் இல்லை. கோடையில் வற்றிச் சுருங்கும் நீரேரியில் உப்பும் வெப்பமும் சேர்ந்தே மீனைக் கொல்லும். மாரியின் முதல் பெருமழை மாதக்கணக்கில் தேங்கிய அழுக்கை ஒரே நாளில் அள்ளிவரும். தொண்டைமானாறு போன்ற தடுப்பணைகளில் கதவு திறந்த நாளும் நேரமும் குறிப்பில் இல்லாமல், உப்புத்தன்மை திடீரென மாறியதா என்று சொல்ல முடியாது.

தோட்டக்காரரிடம் போய் ‘மருந்துத் தாங்கியை வாய்க்காலில் கழுவினீர்களா?’ என்று தொடங்கினால் அவர் வாயை மூடிக்கொள்வார். கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள், என்ன மருந்து, அதன் பிறகு மழை எப்போது பெய்தது என்று கேட்டால் பதில் வரும். அவரும் நம் மனிதர். அவர் கிணறும் இதே நீர்தான். கடற்றொழிலாளரிடமும் ‘யார் செய்தது?’ என்று கேட்க வேண்டாம். உயிருள்ள மீனைக் கடைசியாக எங்கே, எத்தனை மணிக்குக் கண்டார் என்பதே நமக்குத் தேவை.

கிராம அலுவலர், கடற்றொழில் பரிசோதகர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோருக்கு உடனே சொல்லுங்கள். கழிவு வெளியேற்றம் பற்றிய முறைப்பாடு 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போக வேண்டும். எண்ணிப் படமெடுக்கும் முன் மீனைப் புதைக்க வேண்டாம். காரணம் தெரியும்வரை ஒன்றையும் சமைக்கவோ, கருவாடு போடவோ, நாய்க்குப் போடவோ கூடாது.

மீன் சாகும்போது மட்டும் நீரை அளப்பது, ஒவ்வொரு முறையும் நம்மை வெறுங்கையோடு நிறுத்தும் தவறு. ஒரு கடற்றொழிலாளர் சங்கமும் ஒரு பாடசாலையும் சேர்ந்தால் போதும். மாதம் ஒருமுறை அதே இடத்தில், விடியற்காலையில், வெப்பநிலை, உப்புத்தன்மை, பி.எச், கரைந்த ஒட்சிசன் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வரலாம். அராலிப் பாலத்தடி தொடங்குவதற்கு நல்ல இடம்.