நின்று நின்று போகும் செயின்சா: கார்புரேட்டரைத் திருகுவதற்கு முன்னால்

செயின்சா மக்கர் பண்ணினால் முக்கால்வாசிப் பேர் முதலில் எடுப்பது சின்னத் திருப்புளி, கை வைப்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் ஸ்குரூவில். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மெஷினில் அந்த ஸ்குரூ தானாகத் திரும்பிக்கொள்வது அபூர்வம். வேறெங்கோ கோளாறு வந்திருக்கிறது, அதை ஸ்குரூவால் சமாளிக்கப் பார்த்தால் ஒரு கோளாறு இரண்டாகும், அவ்வளவுதான்.

முதலில் கவனிக்க வேண்டியது, எப்போது தகராறு செய்கிறது என்பதை. ஆறிக் கிடக்கும்போதா, சூடேறிய பிறகா, ஐட்லிங்கிலா, ஆக்சிலேட்டரை அமுக்கும் நொடியிலா, மரத்தில் வைத்து அழுத்தும்போதா, சாய்த்துப் பிடித்தாலா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பக்கம் தேடுவது என்பது தெரிந்துவிடும். ஒன்று மட்டும்: செயினைத் தொடுகிற எந்த வேலையானாலும் ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் கேப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு செய்யுங்கள்.

எதுவாக இருந்தாலும் பெட்ரோலில் ஆரம்பிக்கலாம். டேங்கில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொட்டிப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தங்கியிருந்தாலோ, வார்னிஷ் வாடை அடித்தாலோ அதை மறுபடி ஊற்ற வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஆயில் கலந்து வைத்த பெட்ரோல் ஓரிரு மாதம் தாண்டினாலே நம்பிக்கையில்லை. புதிதாகக் கலக்கும்போது அளந்து கலக்கவும்: 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் மெஷினுக்கு எது என்று மேனுவலில் இருக்கும், குத்துமதிப்பாக ஊற்றுவது இங்கே உதவாது.

டேங்க் காலியாக இருக்கும்போதே ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, டியூபின் முனையில் தொங்கும் ஃபில்டரை வெளியே இழுங்கள். பழுப்பேறியிருந்தால் மாற்றிவிடுங்கள், கழுவிப் போடுகிற அளவுக்கு அது பெரிய செலவில்லை. டியூப் டேங்க் சுவரைத் தாண்டி வெளியே வரும் இடத்தையும் வளைத்துப் பார்க்க வேண்டும். நேராக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வளைத்தால் வாயைத் திறக்கும், பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருப்பது அங்கேதான்.

ஸ்டார்ட்டே ஆகவில்லையா? பத்துப் பதினைந்து முறை கயிற்றை இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, அதிகமாகவே வருகிறது. சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமல் சில முறை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும். காய்ந்திருந்தால் பெட்ரோலே போய்ச் சேரவில்லை. ஸ்பார்க் பார்க்க, பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை என்ஜின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்து, சுவிட்சை ஆன் செய்து கயிற்றை இழுக்க வேண்டும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் இல்லையென்றால் முதலில் வேறு பிளக், இடைவெளி பொதுவாக 0.5 மில்லிமீட்டர். அப்புறமும் இல்லையென்றால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு இழுங்கள். இப்போது ஸ்பார்க் வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, அந்த ஒயர்தான் எங்கோ உரசி பாடியில் படுகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதுக் காயில் வாங்கியவர்கள் நிறைய.

எரிச்சலூட்டுவது வேறு ரகம்: காலையில் ஒரே இழுப்பில் கிளம்பும், பத்துப் பதினைந்து நிமிடம் அருமையாக அறுக்கும், பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடிக் காட்டும். இதற்கு இரண்டு பெரிய சந்தேகங்கள், இரண்டையும் மெஷின் நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிக்க வேண்டும், ஆறிவிட்டால் தடயம் போய்விடும். முதலில், சுவிட்சை ஆஃப் செய்து, முகத்தை விலக்கிக்கொண்டு பெட்ரோல் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள் (சூடான டேங்கில் அழுத்தம் இருந்தால் பீய்ச்சியடிக்கும்). ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, மூடியபின் உடனே கிளம்பினால், டேங்கின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று வராமல் வெற்றிடமாகி, பெட்ரோலை டேங்கே பிடித்து வைத்துக்கொள்கிறது. துவாரத்தைச் சுத்தம் செய்யலாம், மாற்றினால் இன்னும் நல்லது. மூடியில் ஊசியால் ஓட்டை போடும் வைத்தியம் வேண்டாம், சாய்த்துப் பிடிக்கும்போது பெட்ரோல் சூடான சைலன்சர் பக்கம் ஒழுகும். மூடியில் ஒன்றும் இல்லையென்றால், சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, சூட்டோடு சூடாக ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் காணாமல் போய் ஆறியதும் திரும்பி வந்தால் காயில் போகிறது. புதிதாக மாட்டும்போது காயிலுக்கும், என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தின் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி வைத்து ஸ்குரூவை இறுக்குங்கள், தேவையான 0.3 மில்லிமீட்டர் இடைவெளி ஏறக்குறைய கிடைத்துவிடும்.

ஐட்லிங் நன்றாக இருந்து, ரேஸ் செய்தால் திணறினால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அடுத்து சைலன்சர் வாயிலிருக்கும் சின்ன வலை. கரி பிடித்து அந்த வலை அடைத்துக்கொண்டால் மெஷினால் மூச்சுவிட முடியாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டர். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கேஸ்கெட்டும் (இடுக்கை அடைக்கும் தாள்) டயஃப்ரமும் (மெல்லிய சவ்வு) வரிசை மாறினால் ஓடாது. டயஃப்ரம் துணி போல வளைய வேண்டும், விறைத்துப்போய் சலசலத்தால் ஆயுள் முடிந்தது, ரிப்பேர் கிட் வாங்கி மொத்தமாக மாற்றுங்கள். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு வலை இருக்கும், பெரும்பாலும் அழுக்கு அதில்தான். ஜெட் துளைகளில் கம்பி விடாதீர்கள், கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே போதும்.

பூட்டிய பிறகு எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்ற இரண்டு ஸ்குரூவையும் மெதுவாக முட்டும்வரை திருகி, ஒரு சுற்றுத் திறந்து விடுங்கள், அநேக மெஷின்கள் அந்த நிலையில் கிளம்பும். சூடேற்றிய பிறகு எல் ஸ்குரூவை, ஐட்லிங் அதிகபட்சமாகும் இடம் கண்டுபிடித்து அங்கிருந்து கொஞ்சம் திறந்து வையுங்கள். ஆக்சிலேட்டரை அமுக்கியதும் தயங்காமல் ஏற வேண்டும். ஐட்லிங் ஸ்குரூவைச் செயின் அசையாமல் நிற்கும் அளவுக்குக் குறையுங்கள். எச் ஸ்குரூவில்தான் பலர் பிஸ்டனைத் தொலைப்பது: சுமையில்லாமல் சில நொடி முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் லேசாக உடைந்து கரகரக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு மறைய வேண்டும். சுத்தமாக விசில் அடித்தால், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பெட்ரோல் குறைவு, அதாவது அதிலிருக்கும் ஆயிலும் குறைவு. பிஸ்டன் பிடித்துக்கொள்ள நேரமாகாது.

எவ்வளவு டியூன் செய்தாலும் ஐட்லிங் நிலைக்கவில்லை, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்க நேரம் எடுக்கிறது, சாய்த்தால் சத்தம் மாறுகிறது என்றால் எங்கோ காற்று புகுகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலிருக்கும் ரப்பர், இல்லையென்றால் கிராங்க் சீல், அதாவது என்ஜினின் சுழலும் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். அந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், பிரஷர் டெஸ்ட் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பணம் செலவழிப்பதற்கு முன் கம்ப்ரெஷனும், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் பலமும், பாருங்கள். ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டால் விட்டு விட்டு இறங்க வேண்டும், சரசரவென்று வழுக்கி இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கிறது. சைலன்சரைக் கழற்றி அந்தத் துவாரம் வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் கார்புரேட்டர் கிட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

அப்புறம், என்ஜின் மேல் பழி போடுவதற்கு முன் செயினைப் பாருங்கள். துருவலுக்குப் பதில் மாவு போலத் தூள் கொட்டினால் பல் மழுங்கியிருக்கிறது. வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால் இரண்டு பக்கப் பல்லும் ஒரே நீளத்தில் இல்லை, அல்லது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பார் தேய்ந்திருக்கிறது. பார் புகைந்தால் ஆயில் வரவில்லை. நுனியை ஒரு அட்டைக்கு மேலே தொடாமல் பிடித்து ரேஸ் செய்தால் அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும், விழாவிட்டால் பாரைக் கழற்றி அதன் ஆயில் துளையிலும் காடியிலும் இறுகிக் கிடக்கும் மரத்தூளைச் சுரண்டி எடுத்து, மறுபடி மாட்டும்போது பாரை மேல்கீழாகத் திருப்பிப் போடுங்கள்.