பம்பு ஷாஃப்டில் சோர்வு விரிசலைக் கண்டறிவது எப்படி?

முறிந்த ஷாஃப்டைக் கோவையின் லேத் பட்டறைக்குக் கொண்டுவருவோர் இரும்பின் தரத்தையே முதலில் குறைகூறுவர். அதற்குமுன் முறிவு முகத்தைப் பார்ப்பதே முறை. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற வரிகள் ஓரிடத்திலிருந்து விரிந்து சென்று, எஞ்சிய பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால், விரிசல் பல நாள் மெல்ல வளர்ந்திருக்கிறது என்று பொருள். திரும்பத் திரும்ப மாறும் சுமையால் இப்படி வளர்வதே சோர்வு விரிசல்.

நிமிடத்துக்கு 1,440 முறை சுழலும் ஷாஃப்ட் பெல்ட்டின் இழுப்பால் வளையும்போது, அதன் மேற்பரப்பு சுற்றுக்கொரு முறை இழுவிசைக்கும் அமுக்கவிசைக்கும் மாறி மாறி உட்படுவதால், 12 மணி நேரத்திலேயே சுமைச் சுழற்சிகள் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். உலோகப் படிகங்கள் மிக நுண்ணிய அளவில் வழுக்கி, கீவேயின் (கப்பியை ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்கட்டை அமரும் பள்ளம்) கூர்மூலையிலோ விட்டம் மாறும் படியிலோ விரிசல் தொடங்கும். அது நீள நீள வளர்ச்சியின் வேகமும் கூடும். ரயில் அச்சுகளில் இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் வோலர்.

இன்னும் முறியாமல் பயன்பாட்டில் உள்ள ஷாஃப்டைச் சோதிக்க, அதைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, சிவப்புச் சாய ஊடுருவியைத் தெளித்து, டப்பாவில் குறித்துள்ள நேரம் (பொதுவாக 10 முதல் 30 நிமிடம்) காத்திருக்க வேண்டும். பின்னர் கரைப்பானில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கரைப்பானை நேரே தெளித்தால் விரிசலுக்குள் புகுந்த சாயமும் கழுவப்பட்டுவிடும், அவசரக்காரர்கள் செய்யும் பிழை இதுவே. வெள்ளைப் பொடியைத் தெளித்ததும் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு தெரிந்த ஷாஃப்டை வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல், மூலைகளில் வளைவு கொடுத்துக் கடைந்த புதியதை மாட்டுங்கள்.