பணிச்சோர்வா, ஏடிஹெச்டியா? பெரியவர்கள் பிரித்தறிவது எப்படி

கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் ஒரே கோப்பை நான்கு முறை திறந்து மூடியும், எதைப் பார்க்க வந்தோம் என்பது நினைவுக்கு வராத இரவில்தான் பலருக்கும் இந்தச் சந்தேகம் எழுகிறது. மறதி, தள்ளிப்போடுதல், எரிச்சல், தொடங்கிய வேலை முடியாமை ஆகிய எல்லாமே பணிச்சோர்விலும் இருக்கும், ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறிலும் இருக்கும். ஆகவே அறிகுறிகளை எண்ணுவதற்கு முன், அவை எப்போது தொடங்கின என்று பாருங்கள். பணிச்சோர்வு என்றே பல ஆண்டுகள் நம்பி, இரண்டு வேலைகளை விட்ட பிறகு, 41 வயதில் ஏடிஹெச்டி என்று தெரிந்துகொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளவில்லை. சமாளிக்கப்படாத நெடுநாள் வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றே சொல்கிறது. உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையின் மீது விலகலும் கசப்பும் உண்டாதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். ஏடிஹெச்டியோ மூளை வளர்ச்சியோடு சேர்ந்தே வருவது. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவ வரையறையின்படி அதன் அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, அலுவலகம் என இரண்டு இடங்களிலாவது தெரியவேண்டும். 35 வயதில் புதிதாக அது பிறப்பதில்லை.

எனவே ஒரு நோட்டில் இந்தத் தொல்லை தொடங்கிய ஆண்டை எழுதுங்கள். 'மேலாளர் மாறிய பிறகு', 'இருவர் வேலையை ஒருவர் பார்க்கத் தொடங்கிய பிறகு' என்று தேதி சொல்ல முடிந்தால், பணிச்சோர்வின் பக்கம் தராசு சாய்கிறது. சொல்ல முடியாவிட்டால் ஊருக்குப் போய்ப் பழைய ரேங்க் கார்டுகளைத் தேடுங்கள். அம்பாசமுத்திரத்தில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பத்தமடைப் பாய்க்கு அடியில் என் நான்காம் வகுப்பு அட்டை கிடைத்தது. அப்பாவின் கையொப்பத்துக்கு மேலே, நீல மையில், 'அறிவு உண்டு, கவனம் இல்லை' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அதை வாசித்துக் காட்டியதும் அம்மா சொன்னாள்: "ஏல, ஒனக்கு ரப்பர் வாங்கிக் குடுத்தே மாளாதுல்லா, தெனம் ஒண்ண தொலைச்சிட்டுதான வருவ."

அட்டையில் நல்ல மதிப்பெண் இருப்பதாலேயே ஏடிஹெச்டி இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கண்டிப்பான வீடும், நேரத்துக்கு எழுப்பிவிடும் அம்மாவும், மணியடித்தால் எழுந்து மணியடித்தால் அமரும் விடுதியும் ஒரு பிள்ளையின் கவனக்குறைவைப் பல ஆண்டுகள் தாங்கிப் பிடிக்கும். வகுப்பில் ஓசையின்றிக் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் பலர் கவனிக்கப்படாமலே போனதும் உண்டு. பின்னர் திருமணம், குழந்தை, பதவி உயர்வு, சென்னைக்கு இடமாற்றம் என்று ஏதாவது ஒன்று வந்து அந்த முட்டுக்கொடுப்பை எடுத்துவிடும்போது, எல்லாம் திடீரென்று சரிந்ததுபோலத் தோன்றும். ஏடிஹெச்டி உள்ளவர் மற்றவர்க்கு இணையாக நிற்பதற்கே இரட்டிப்பு உழைப்பைச் செலவிடுவதால், அவருக்குப் பணிச்சோர்வும் எளிதில் வந்து சேரும். இரண்டும் ஒருங்கே இருக்கலாம் என்பதை மறந்தவர்களே அதிகம் தவறுகிறார்கள். நானும் அப்படித்தான் தவறினேன்.

அடுத்து, ஓய்வு என்ன செய்கிறது என்று பாருங்கள். நகைக்கடன் பிரிவில் வேலை பார்க்கும் என் தோழி ஒருத்தி, அலுவலக எண்ணை அணைத்துவிட்டுக் குற்றாலச் சாரலில் மூன்று வாரம் இருந்தாள். முதல் வாரம் முழுவதும் தூங்கினாள். மூன்றாம் வாரத்தில் தடித்த நாவல் ஒன்றை ஒரே மூச்சில் படித்தாள். வேலைக்குத் திரும்பிய பத்தாம் நாள் பழைய மந்தம் வந்துவிட்டது. அவளுக்குக் குறைக்க வேண்டியது வேலைச்சுமையை. எனக்கோ விடுமுறையில் நிலைமை மோசமாகும். எந்த ஒழுங்கும் இல்லாத நாளில் ஈபி பில், சிலிண்டர் பதிவு எல்லாம் தவறிப்போகும். ஆனால் பிடித்த வேலை ஒன்று கிடைத்துவிட்டால் சாப்பாட்டையும் மறந்து ஆறு மணி நேரம் அமர்ந்திருப்பேன்.

ஓய்விலும் தெளியாமல், முன்பு பிடித்த எதிலும் நாட்டமற்றுப் போயிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு, இரத்தசோகை, குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு ஆகியவையும் இதே முகத்தோடு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையை முதலிலேயே செய்துவிடுவது நல்லது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அன்றே 14416 என்ற, டெலிமானஸ் எனப்படும் அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

ஏடிஹெச்டிக்காகப் பிறருக்கு எழுதிக்கொடுத்த மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை விழுங்கிப் பார்த்து, 'கவனம் வந்தது, ஆகவே எனக்கு ஏடிஹெச்டி' என்று முடிவு செய்யாதீர்கள். அது கோளாறு இல்லாதவரையும் விழிப்பாக்கக்கூடியது. இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. அதுபோல, ஏடிஹெச்டி இருக்கலாமா என்று பார்க்க உதவும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விப் படிவமும் மருத்துவரிடம் போகலாமா என்று சொல்லுமே தவிர, நோயை உறுதி செய்யாது.

உறுதி செய்ய மனநல மருத்துவரைத்தான் பார்க்கவேண்டும். எங்கள் பக்கத்தவர்களுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த நோட்டையும், ரேங்க் கார்டையும், இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கொண்டுபோங்கள். முடிந்தால் சிறுவயதில் உங்களோடு வளர்ந்த ஒருவரையும் அழைத்துப்போங்கள். நான் மருத்துவரைப் பார்த்தபோது என் அக்கா உடன் வந்தாள். மருத்துவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அவளிடம் கேட்டவையே.