ஒரு அன்னாசி எத்தனை கப்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பழம் கிலோவில் கிடைக்கும். இன்னும் கட்டிக் கணக்கில் கேட்கும் பாட்டிமாரும் உண்டு. ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம். சமையல் குறிப்போ கப்பில் பேசும்.

முதலில் கப்பைச் சோதியுங்கள். காலிக் கப்பைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. கடையில் வாங்கும் அளவுக் கப் 250 காட்டும். அமெரிக்கக் கப் 240-ஐ ஒட்டி வரும். பழத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. ஆனால் ரைஸ் குக்கரோடு வரும் கப் வெறும் 180. அதில் அளந்தால் கால் பங்குக்கு மேல் குறையும். அளக்க எடுக்கும் பால் டின்னோ 250-ஐத் தாண்டிவிடும்.

அடுத்தது, எடை என்றால் உரித்த எடை. அன்னாசியில் கொண்டை, தோல், கண், நடுத்தண்டு போனால் பாதிதான் மிஞ்சும். 1.2 கிலோ பழத்தில் 600 கிராம் சதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலத் துண்டாக நறுக்கினால் கப்புக்கு 170 கிராம் பிடிக்கும். மூன்றரைக் கப் வரும். அதே 600 கிராமைத் துருவினால் சாறோடு கப்புக்கு 240 கிராமுக்கு மேல் போகும், அதனால் இரண்டரைக் கப்தான். ஒரு கப் எங்கே போனது? எங்கும் போகவில்லை. துண்டுகளுக்கு இடையில் இருந்தது காற்று.

தீபாவளி டார்ட்டுக்கு ஜாம் கிண்டும்போது இது நன்றாகவே தெரியும். துருவிய பழத்தைச் சல்லடையில் பத்து நிமிடம் வடியவிட்ட பிறகே அளந்து சட்டியில் போடுங்கள். சாறோடு அளந்தால் உருட்டும் பதம் வர நெடுநேரமாகும். அதற்குள் சீனி கறுத்துக் கசக்கும். வடிந்த சாறு ரசத்துக்கு ஆகும், கொட்டிவிடாதீர்கள்.

வாழைப்பழத்தில்தான் குறிப்பு எழுதுபவர்கள் ஏமாற்றுகிறார்கள். ‘வாழைப்பழம் 1 கப்’ என்றால் வில்லையா, மசித்ததா? வில்லை 155 கிராம், மசித்தது 235 கிராம். ஜெம்புட்டுக்கும் (எண்ணெயில் பொரிக்கும் வாழைப்பழ உருண்டை) கேக்குக்கும் மசித்ததே கணக்கு. தோல் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதால், ஒரு கப்புக்குத் தோலோடு 350 முதல் 370 கிராம் வாங்க வேண்டும். வில்லைக் கணக்கு கேட்ட இடத்தில் மசித்ததைக் கொட்டினால் 80 கிராம் பழமும் அதன் ஈரமும் கூடுதல். ஜெம்புட் மாவு தளர்ந்து எண்ணெய் குடிக்கும்; வெளியே சிவந்திருக்கும், பிட்டுப் பார்த்தால் நடுவில் பிசுபிசுக்கும். பழத்தை எண்ணியும் போடாதீர்கள்: பிசாங் மாஸ், பெராங்கான் என்ற இரண்டு வாழை வகையும் ஒரே அளவா?

மற்றவை, 250 மில்லி கப்புக்கு: மாம்பழத் துண்டு 170 கிராம். பப்பாளித் துண்டு 150, மசித்தால் 240. கொட்டை நீக்கி நறுக்கிய பலாச்சுளை 160 முதல் 170. டுரியான் சதை 250. ஒரு கிலோ டுரியானில் சதை 300 கிராம் தேறினால் பெரிது, எனவே ஒரு கப்பும் கொஞ்சமும்தான்.

துண்டுகளைக் கப்பில் அமுக்கக் கூடாது. போட்டு, மேலே கத்தியால் வழித்தால் போதும். மசித்ததை மட்டும் கப்பைத் தட்டி, குமிழி போன பிறகு வழியுங்கள். ஐஸ்பெட்டியில் உறைந்த பழம் இளகினால் சுருங்கும். உறைய வைக்கும் முன்பே எடை போட்டுப் பையின் மேல் எழுதிவிடுங்கள்.

நீங்கள் நறுக்கும் அளவு மேலே சொன்னதாகவே இருக்காது. அதனால் உங்கள் துண்டுகளை மூன்று கப் தனித்தனியாக நிறுத்து, கூட்டி, மூன்றால் வகுத்து, வரும் எண்ணை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.