நீல் தீவுக்குக் கிளம்புமுன் காலண்டரைப் பாருங்கள்: ஏற்றவற்றம் பார்த்துப் பயணம் போடுவது எப்படி?

அந்தமானின் நீல் தீவுக்கு முதல்முறை போனபோது, மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாக இயற்கைப் பாலம் பார்க்கக் கிளம்பினேன். பாறை வளைவின் காலடியில் அலை மோதிக்கொண்டிருந்தது. கிட்டவே போக முடியவில்லை. மறுநாள் காலையில் கப்பல். விமானம், கப்பல், அறை எல்லாவற்றுக்கும் நேரம் பார்த்தவன், கடலுக்குப் பார்க்கவில்லை. கடல் நீர் ஏறுவது ஏற்றம், இறங்குவது வற்றம்; பாலத்தடிக்குப் போக வற்றம் வேண்டும்.

2018 டிசம்பரில் இந்தத் தீவுக்கு ஷகீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. முன்பதிவு செய்யும்போது இரண்டு பெயர்களும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்.

1. தேதியைப் பிடியுங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை பொதுவாக நல்ல பருவம். அதற்குள் எந்த வாரம் என்பதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அதற்கடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றம் நன்றாக ஏறும், வற்றம் நன்றாக இறங்கும். பாறைத் தரை வெளியே தெரிவது அப்போதுதான். அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டுமே அரைகுறை. அஷ்டமியில் பயணம் ஆகாது என்று பாட்டி சொன்னால், இந்த ஒரு ஊருக்கு மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

2. மணியைக் கணக்கிடுங்கள்

ஹைதராபாத்தில் இருக்கும், கடல் தகவல் தரும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் போர்ட் பிளேருக்கான ஓத (ஏற்றவற்ற) அட்டவணை கிடைக்கும். கைபேசிச் செயலிகளும் உண்டு. அட்டவணையில் ஒரு நாளுக்குப் பெரும்பாலும் நான்கு நேரங்கள் இருக்கும்: இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். பக்கத்தில் மீட்டரில் உயரம். வற்றத்தின் எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. ஒரு வற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்கு வற்றம் என்றால் நாளை 6.50 வாக்கில்.

இன்னொன்று: அந்தமான் வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். 6 மணி வற்றம் மாலையில் வந்தால் பயனில்லை, காலை வற்றத்தையே பிடிக்க வேண்டும்.

3. கப்பலும் தங்கலும்

போர்ட் பிளேரிலிருந்தும் பக்கத்து ஹேவ்லாக் தீவிலிருந்தும் அரசுக் கப்பலும் தனியார் கப்பலும் வருகின்றன. நீலில் இரண்டு இரவாவது தங்குங்கள். காற்று பலமானால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைக் காலியாக விடுங்கள்.

4. வற்றத்தில் பாலம்

பாலம் இருப்பது லக்ஷ்மன்பூர் இரண்டாம் கடற்கரையில். கடலும் காற்றும் குடைந்த பவளச் சுண்ணாம்புப் பாறை அது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் வைத்த பெயர் ஹவுரா பிரிட்ஜ். பரத்பூர், சீதாபூர், லக்ஷ்மன்பூர் என்று ஊர்ப் பெயர்களெல்லாம் ராமாயணமாக இருக்க, இதற்கு மட்டும் கொல்கத்தா நினைப்பு வந்திருக்கிறது.

வற்றத்துக்குச் சற்று முன்பே அங்கே இருங்கள். வாரில்லாத ரப்பர் செருப்பு ஆகாது, பாசி வழுக்கும், பாறை கத்தியாக இருக்கும். பின்வாரோடு கூடிய சாண்டல் போடுங்கள். பாலத்தை விட எனக்குப் பிடித்தது போகும் வழியில் இருக்கும் குட்டைகள். கடல் அட்டை, சிறு நண்டு, நீல உதடு விரித்த சிப்பி, வெளியேற வழியில்லாத குட்டி மீன்கள். ஐந்து நிமிடம் அசையாமல் குந்தினால்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். எதையும் கையில் எடுக்காதீர்கள். வற்றம் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

5. ஏற்றத்தில் பவளம்

மாஸ்க்கும் மூச்சுக்குழலும் மாட்டி, மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நார்க்கலிங்குக்குக் கணக்கு நேர்மாறு. பரத்பூரில் வற்றத்தில் இறங்கினால் பவளம் வயிற்றில் உரசும், அதற்கும் கேடு, உங்களுக்கும் காயம். தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியபின் இறங்குங்கள்.

மாஸ்க்கை வாரில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சிப் பாருங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. அடர்ந்த மீசைக்காரர்களுக்குக் கொஞ்சம் கசியும், மீசையா மீனா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். கண்ணாடியின் உட்பக்கம் எச்சில் தடவி அலசினால் ஆவி படியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்தி, வாயால் மெதுவாக மூச்சுவிட்டுப் பழகிய பிறகு மிதக்கலாம். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டும் வழிகாட்டியும் இல்லாமல் போகவே கூடாது. அந்தமானில் உவர்நீர் முதலை உண்டு, எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

சில இடங்களில் பவளம் வெளுத்தோ உடைந்தோ கிடக்கும். 2010-இல் கடல் சூடேறியபோது அந்தமான் பவளம் பெருமளவு வெளுத்தது. கரையில் ஒதுங்கிய துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையச் சோதனையில் மாட்டும்.

காலை 6 மணிக்கு வற்றம் என்றால் என் திட்டம் இது: 5.30-க்குப் பாலத்தை நோக்கி நடை, 7 மணிக்குத் திரும்பல், இட்லி கிடைத்தால் இட்லி, இல்லையென்றால் பூரி. 10 மணிக்குப் பரத்பூரில் தண்ணீருக்குள். பகல் தூக்கம். நாலரைக்கு லக்ஷ்மன்பூர் முதல் கடற்கரையில் சூரியன் இறங்குவதைப் பார்க்க உட்கார்ந்துவிட வேண்டும்.