சிக்னல் ஜெனரேட்டரையும் அனலைசரையும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸில் பூட்டுவது

சிக்னலை உண்டாக்கும் ஜெனரேட்டரும், அதை அலைவரிசைவாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் தனித்தனிக் கடிகாரத்தில் (உள்ளே இருக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸில்) ஓடினால், 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வித்தியாசமே 1 கிகாஹெர்ட்ஸில் 1 கிலோஹெர்ட்ஸ் விலகலாகத் தெரியும். எதில் நல்ல ஓவன் ஆஸிலேட்டர் (சூடு மாறாமல் வைத்து நிலையாக ஓடும் கடிகாரம்) இருக்கிறதோ அதுவே தலைமை; மற்றது அதன் கடிகாரத்தைப் பின்பற்றும். அரைமணி நேரமாவது சூடாக விடுங்கள்.

தலைமைக் கருவியின் பின்புறம் 'ரெஃப் அவுட்'டிலிருந்து மற்றதன் 'ரெஃப் இன்'னுக்கு 50 ஓம் பிஎன்சி கேபிள். அவுட்டும் அவுட்டும் சேரவே கூடாது. பிறகு, வாங்கும் கருவியின் மெனுவில் ரெஃபரன்ஸை 'எக்ஸ்டர்னல்' ஆக்குங்கள். பலர் மறப்பது இதைத்தான். சில மாடல்களில் 'ஆட்டோ' உண்டு, ஆனால் கேபிள் கழன்றால் சத்தமில்லாமல் உள்கடிகாரத்துக்குத் தாவிவிடும். நம்ப வேண்டாம்.

சோதனை: ஜெனரேட்டரில் 1 கிகாஹெர்ட்ஸ், மைனஸ் 10 டிபிஎம். அனலைசரில் நடு அலைவரிசை 1 கிகாஹெர்ட்ஸ், ஸ்பான் (திரையில் தெரியும் அகலம்) 1 கிலோஹெர்ட்ஸ், ஆர்பிடபிள்யூ (எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்ற அளவு) 10 ஹெர்ட்ஸ். சிக்னலின் உச்சி திரையின் நட்டநடுவில் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல நகர்ந்தால் பூட்டவில்லை.

'அன்லாக்' என்று வந்தால் முதலில் கனெக்டரைப் பாருங்கள். சென்னைக் கடலோரத்துக் காசிமேடு, ராயபுரம், எண்ணூர் உப்புக்காற்றில் நடுப்பின் கறுத்துவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்தாலே பாதித் தொல்லை தீரும். அடுத்து ரெஃபரன்ஸ் சிக்னலின் மட்டம் (வலிமை): டி-கனெக்டர் போட்டு மூன்று கருவிக்குப் பிரித்தால் சிக்னல் இளைத்துவிடும், வலிமை குறையாமல் பல கருவிக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபயர் வையுங்கள்.

இந்த 10 மெகாஹெர்ட்ஸ் இணைப்பு அலைவரிசையை மட்டுமே பூட்டும். பல்ஸ் தொடங்கும் நேரமும் ஒத்துப்போக, தனியே ட்ரிகர் கேபிள் வேண்டும்.